சேர வேண்டியவர்

ஒன்பதரைக்கு அவன் வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் இந்நேரம் ரிசப்ஷன் சோபாவின் நுனியில் உட்கார்ந்து, மடியில் சர்டிபிகேட் ஃபைலை வைத்துக்கொண்டு, யார் கடந்துபோனாலும் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று பாதி எழுந்து பாதி உட்கார்ந்துகொண்டிருப்பான். வராவிட்டால் கனிஷ்கா இப்போது முதல் போனைப் போட்டுக்கொண்டிருப்பாள். முதல் போன் எப்போதும் சிரித்த குரலில்தான் போகும், ட்ராஃபிக்ல மாட்டிக்கிட்டீங்களா சார் என்று. இரண்டாவது போனில் சிரிப்பு இருக்காது. மூன்றாவது போன் போடும்போது அந்தப் பக்கம் சுவிட்ச் ஆஃப் ஆகியிருக்கும். உமாராணி தேங்காய்ச் சில்லுகளை மிக்ஸி ஜாரில் அள்ளிப் போட்டபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பது. அது ஐந்து நிமிடம் முந்தி ஓடுகிற கடிகாரம். மகள் ஆதிரை ஸ்கூல் பஸ்ஸை அடிக்கடி தவறவிட்ட வருடத்தில் அவளே திருப்பி வைத்தது. மகள் ப்ளஸ் டூ வந்துவிட்டாள், கடிகாரம் இன்னும் அவசரப்பட்டுக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் ஒன்பதே முக்கால். கால் மணி நேரம் ஒரு தாமதமா? பெருங்குடிப் பக்கம் திங்கட்கிழமை காலையில் கால் மணி பிந்தி வருகிறவனை நேரத்துக்கு வந்தவன் என்றுதான் சொல்ல வேண்டும். இன்னும் எதுவும் சொல்வதற்கில்லை. போனை எடுத்துப் பார்த்தாள். சத்தம் முழுதாக வைத்திருக்கிறது, சார்ஜ் தொண்ணூற்றிரண்டு, டவர் நான்கு கோடு. மிக்ஸியைப் போட்டாள். அந்த இரைச்சலுக்குள் எங்கேயோ போன் அடிப்பது கேட்டது. நிறுத்தினாள். அடிக்கவில்லை. மறுபடி போட்டாள், மறுபடி கேட்டது. இப்படி நிறுத்தி நிறுத்தி அரைத்ததில் சட்னி ஒரு பக்கம் விழுதாகவும் ஒரு பக்கம் பல்லுப் பல்லாகவும் வந்தது.

அவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, ஆணா பெண்ணா என்பதுகூட நிச்சயமில்லை. அப்படி ஒருவன் இருக்கிறான் என்று யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை. ஆனால் கம்பெனிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கன்சல்டன்சியில் பதினாறு வருடம் குப்பை கொட்டியவளுக்கு இதுகூடத் தெரியாமல் போய்விடுமா? அந்தப் பெருங்குடிக் கம்பெனியின் கடைசி இண்டர்வியூவை அவள் முடித்து ஏழு வாரம் ஆகிறது. முடிந்த மறுநாளே கனிஷ்கா கூப்பிட்டாள். அந்தக் கம்பெனியின் ஹெச்.ஆர். பெண், குரலை வைத்துச் சொன்னால் இருபத்துமூன்று வயதுக்கு மேல் இருக்காது. 'எல்லாருக்கும் உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு மேடம்' என்றாள். பிடித்திருந்தால் அடுத்த வாக்கியம் எப்போ ஜாயின் பண்ணுவீங்க என்றிருக்க வேண்டும். அடுத்த வாக்கியம் 'கொஞ்சம் டைம் ஆகும்' என்று இருந்தது. அதைக் கேட்டதுமே உமாராணிக்குப் புரிந்துவிட்டது, தனக்கு முன்னால் ஒருவன் இருக்கிறான். அவனுக்கு ஆஃபர் போயிருக்கிறது. அவன் இப்போது இருக்கிற கம்பெனியில் நோட்டீஸ் காலத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறான். அந்த நாட்களில் இந்த ஆஃபரைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் நாலு இடத்தில் பேரம் பேசுவான், எல்லாரும் செய்வதுதான், கடைசியில் சேர வேண்டிய நாளன்று போனை அணைத்துவிட்டு வேறெங்காவது போய்ச் சேர்ந்தாலும் சேர்ந்துவிடுவான். அதற்குப் பயந்துதான் இரண்டாவதாக வந்த ஆளிடம் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆமாம் என்றும் சொல்ல மாட்டார்கள். வாரம் ஒரு போன், ப்ராசஸ்ல இருக்கு என்று ஒரு சொல். 'ரெண்டாவது ஆள சூடு ஆறாம வெச்சுக்கோங்கப்பா' என்று தன் டீம் பிள்ளைகளிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பாள். சொல்லும்போது அது ஒரு சாமர்த்தியமாகத் தெரிந்தது. அடுப்பின் மேல் இருக்கிற பாத்திரத்துக்கு எப்படி இருக்கும் என்று யார் யோசித்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் கனிஷ்கா வாய் தவறி, 'பதினாறாம் தேதி வரைக்கும் மட்டும் பொறுத்துக்கோங்க மேடம்' என்று சொல்லிவிட்டாள். சின்னப் பெண், அனுபவம் போதாது. பதினாறு திங்கட்கிழமை. கம்பெனிகள் முடிவெடுக்க நாள் குறிப்பதில்லை, ஆள் சேரத்தான் நாள் குறிப்பார்கள், அதுவும் திங்கட்கிழமையில்தான் குறிப்பார்கள். இன்றைக்குப் பதினாறு.

பத்து மணிக்கு இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு லேப்டாப் முன் உட்கார்ந்தாள். வேலை தேடும் தளத்தைத் திறந்து, தன்னைப் பற்றித் தானே எழுதிய பத்தியின் கடைசி வரிக்குப் போய், அங்கே ஒரு முற்றுப்புள்ளி வைத்துச் சேமித்தாள். நேற்று அதை எடுத்த நாள், இன்று வைக்கிற நாள். எட்டு மாதமாக இது பூஜை மாதிரி நடக்கிறது. ஒரு புள்ளி மாறினாலும் அந்தத் தளம் 'இன்று புதுப்பித்தவர்' என்று எடுத்து மேலே போடும். மேலே இரண்டு பக்கத்துக்குக் கீழே எந்த ஹெச்.ஆரும் இறங்கிப் பார்ப்பதில்லை, அவளும் இறங்கியதில்லை. மூன்றாவது பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை இருந்தவர்கள் எல்லாம் யார்? அவர்களும் ஏதாவது ஒரு காலையில் இட்லியும் கையுமாக உட்கார்ந்து புள்ளி வைத்திருப்பார்களோ, வைத்தும் மேலே வராமல் போயிருப்பார்களோ. எதற்கு இப்போது அதெல்லாம். 'டீம் பில்டிங்கில் பதினாறு வருட அனுபவம்' என்று எழுதியிருப்பதைத் திரும்பப் படித்தபோது அது வேறு யாரோ ஒருத்தியைப் பற்றியது போலிருந்தது, நன்றாக உடுத்தியவள், எதிரில் வந்தால் உமாராணியே ஒதுங்கி வழிவிடுவாள். அந்தக் கன்சல்டன்சியின் சென்னைக் கிளையை மூடப் போகிறோம் என்று மேலிடம் சொன்னபோது இருபத்திரண்டு பேரை உட்கார வைத்துத் தகவல் சொன்னதும் அவள்தான், சொல்லி முடித்துக் கடைசியாக வெளியே வந்ததும் அவள்தான். அன்றைக்கு ஆட்டோவில் வரும்போது பயமே இல்லை. ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம் என்று நினைத்தாள், எத்தனை பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்த கை. இட்லி ஆறிப்போயிருந்தது. பல் பல்லாக இருந்த பக்கத்துச் சட்னியே வாயில் வந்தது.

போன் அடித்தது. பத்து ஐம்பதுக்கு. தெரியாத எண். கைகூடக் கழுவாமல் எடுத்து, மூச்சை ஒரு தரம் இழுத்து, ஆபீஸ் குரலை வரவழைத்துக்கொண்டு, 'உமாராணி பேசறேன்' என்றாள். பர்சனல் லோன் வேண்டுமா என்று ஒரு பையன் கேட்டான். வேண்டாம் என்றாள். ஏன் மேடம் என்றான். ஏன் என்றால் என்ன சொல்வது. வைத்துவிட்டாள். நெஞ்சு மட்டும் கேட்காமல் அடித்துக்கொண்டிருந்தது, நல்ல சேதி வந்ததா கெட்ட சேதி வந்ததா என்று அதற்கு இன்னும் தகவல் போய்ச்சேரவில்லை. முன்பெல்லாம் தெரியாத எண்ணை எடுக்கவே மாட்டாள். தெரிந்த எண்ணையும் எடுக்க மாட்டாள், அதற்கென்று ஒரு வழி வைத்திருந்தாள்: ஓயாமல் கூப்பிடுகிறவர்களின் எண்ணை 'எடுக்காதே' என்று போனில் சேமித்துக்கொள்வது. எடுக்காதே ஒன்று, எடுக்காதே இரண்டு, இப்படிப் பதினொன்று வரைக்கும் போயிற்று. எடுக்காதே மூன்று சவரிமுத்து. அவர் பெயரை மறந்திருக்கலாம், மறக்கவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை நாலு மணிக்குச் சரியாகக் கூப்பிடுவார். சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தவர், ஐம்பதை நெருங்கியவர், தூத்துக்குடிப் பேச்சு. ஒரே ஒரு தரம் தவறிப்போய் எடுத்துவிட்டாள். 'ஒண்ணுமில்ல மேடம், சும்மா கேட்டுக்கிடலாம்னுதான்' என்றார். அவள் ப்ராசஸ்ல இருக்கு சார் என்றாள். அந்த இடத்துக்கு ஆள் சேர்ந்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும், அரை நிமிடம். அந்த அரை நிமிடத்துக்குப் பின்னால் வருகிற அமைதியை எதிர்கொள்ள முடியாமல்தான் சொல்லவில்லை. வேலைப்பளு, பாலிசி என்பதெல்லாம் தனக்குத் தானே சொல்லிக்கொண்ட சமாதானம். ஐந்து மாதம் கூப்பிட்டவர் ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிடவில்லை. அன்றைக்கு நாலே கால் மணிக்கு உமாராணி போனைப் பார்த்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிம்மதியாக இருந்தது என்பதும் நினைவிருக்கிறது.

பதினொன்றைத் தாண்டிவிட்டது. முரளிதரனிடமிருந்து ஒரு கேள்விக்குறி வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் டயர் கம்பெனியில் ஷிஃப்ட் இன்சார்ஜாக இருக்கிற மனிதர், பதினெட்டு வருட தாம்பத்தியத்தில் சொற்களைச் சுருக்கிச் சுருக்கி இப்போது வெறும் கேள்விக்குறியில் வந்து நிற்கிறார். பதிலுக்கு 'இன்னும் இல்ல' என்று அனுப்பினாள். கட்டை விரல் ஒன்று வந்தது. கோபித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை, ஆனாலும் கோபம் வந்தது. பதினொன்றரை வரைக்கும் வராவிட்டால் கனிஷ்கா தன் மேலதிகாரியிடம் போய் நிற்பாள். அந்த மேலதிகாரி முதலில் திட்டுவார், பிறகு யாரு நெக்ஸ்ட் என்பார். ஒரு மணிக்குள் உமாராணிக்குப் போன் வந்துவிடும், ரெண்டு மணிக்கு வர முடியுமா மேடம் என்று. வெளிர் நீலச் சுடிதார் இஸ்திரி போட்டுக் கதவில் மாட்டியிருக்கிறது, யாரும் பார்க்காதபடி மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி. ஆக, அவன் வரக்கூடாது. எதனால் வராமல் இருப்பான்? பெங்களூரில் இதைவிடப் பெரிய இடம் கிடைத்திருக்கும். பழைய கம்பெனியே கூட்டிக் கொடுத்துப் போக விடாமல் பண்ணியிருக்கும். பெண்டாட்டி சொல்லியிருப்பாள், அவ்வளவு தூரம் யார் போய்வருவது என்று. நடுவில் வேண்டாத நினைப்பு ஒன்று குறுக்கே வந்தது, பைக், துரைப்பாக்கம் சிக்னல், தண்ணி லாரி. ஐயோ சாமி, அது வேண்டாம், ஒரு கீறல்கூடப் படக் கூடாது என்று அவசரமாக அழித்தாள். காய்ச்சல் வரலாம். இல்லை, காய்ச்சல் வந்தால் நாளைக்கு வந்து சேர்ந்துகொள்வான். அதைவிட நல்ல வேலை கிடைக்கட்டும், வெளிநாடே கிடைக்கட்டும், சிங்கப்பூர், சம்பளம் இரட்டிப்பு, குடும்பத்தோடு போகட்டும். முகம் தெரியாத ஒருவனுக்காக அவள் இத்தனை உருக்கமாக வேண்டிக்கொண்டது இதுதான் முதல் தடவை. வேண்டிக்கொள்ளும்போதே அவனை ஒரு உருவமாகவும் பிடித்துவிட்டாள்: முப்பத்தைந்து வயது, டிரிம் செய்த தாடி, காதில் அந்த வெள்ளை இயர்போன், கையில் மூன்று ஆஃபர். மூன்று இருக்கிறவனுக்கு இந்த ஒன்று எதற்கு. விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துபோவான்.

கூடத்தில் அத்தை நாகரத்தினம் செய்தித்தாளை விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டிவியில் சத்தமில்லாமல் சீரியல் ஓடியது. மருமகளுக்குப் போன் வர வேண்டியிருக்கிறது என்று சத்தத்தை அவளே அடைத்து வைத்திருக்கிறாள், கதை எப்படியும் புரியும் என்கிறாள். உமாராணியும் எதிரில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தாள். 'நீ போய்ப் படு. கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு.' 'தூக்கம் வரல அத்தை.' 'அந்தப் பொண்ணையே ஒரு போன் போட்டுக் கேட்டா என்ன?' 'கேக்கக் கூடாது.' 'ஏன், கேட்டா என்ன, கடிச்சாவா தின்னுடுவா?' கேட்கக் கூடாதுதான். கேட்கிறவர்களை என்ன பெயரில் சேமித்து வைப்பார்கள் என்பதை அத்தையிடம் எப்படிச் சொல்வது. இன்னொரு பயமும் உண்டு, அதைத் தனக்குள் சொல்லவே நா எழவில்லை: வீடியோ இண்டர்வியூ நடந்தபோது அந்தச் சதுரத்துக்குள் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள், மற்ற நாலு முகத்துக்கும் நடுவில் அது மட்டும் மங்கலாக, தாடை தளர்ந்து, முந்தினநாள் தலைக்கு அடித்த டை நெற்றியோரம் கறுப்புத் திட்டாகப் படிந்திருக்க. நாற்பத்துமூன்று. இந்த இடம் போனால் அடுத்த இடத்துக்கு நாற்பத்துநாலு ஆகிவிடும். அவள் இருந்த இடத்திலேயே நாற்பத்தைந்துக்கு மேலானவர்களின் ரெசுமேயைத் தனி ஃபோல்டரில் போட்டுவைப்பார்கள், பிறகு பார்க்கலாம் என்று. பிறகு என்று ஒரு நாள் அந்த ஆபீஸில் வந்ததே இல்லை. இது கடைசி பஸ் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் கீரைக் காம்பு விரலில் அழுந்தி நகத்தடியில் பச்சையாக ஏறியது. மணி பன்னிரண்டைத் தொட்டது. அத்தை குளிக்கப் போனாள், வந்தாள், சாமி விளக்கைத் துடைத்தாள், மறுபடி கீரைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தாள். பன்னிரண்டே கால் ஆனதும் உமாராணிக்கு ஒரு நப்பாசை மெல்லத் தலைகாட்டத் தொடங்கியது. அவன் வந்து சேர்ந்திருந்தால் கனிஷ்கா எதற்குக் கூப்பிடப் போகிறாள்? கூப்பிட மாட்டாள், அப்படியே விட்டுவிடுவாள். ஆகவே இனிமேல் போன் வந்தால் அவன் வரவில்லை என்று அர்த்தம். வராவிட்டால் வந்துவிட்டான் என்று அர்த்தம். இவ்வளவு தெளிவான கணக்கைப் போட்டுவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு நாற்பதுக்கு அடித்தது. திரையில் கனிஷ்கா ஹெச்.ஆர். என்று வந்தது. அத்தை கைவேலையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். உமாராணி மூன்று தரம் அடிக்க விட்டு எடுத்தாள், உடனே எடுத்தால் காத்திருந்தது தெரிந்துவிடும் என்று.

"குட் ஆஃப்டர்நூன் மேடம். ஒரு சின்ன அப்டேட் குடுக்கலாம்னுதான் கூப்பிட்டேன். உங்க ப்ரொஃபைல் ஆக்டிவாதான் இருக்கு மேடம். மேனேஜ்மென்ட் ரொம்ப இன்ட்ரஸ்டடா இருக்காங்க. எப்படியும் இந்த மாசக் கடைசிக்குள்ள கன்ஃபர்ம் பண்ணிடுவோம்."

வேறு யாராக இருந்தாலும் இந்த நாலு வாக்கியத்துக்குச் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவர்களே கூப்பிட்டார்கள், ஆர்வமாக இருக்கிறார்களாம், தேதிகூடச் சொல்லிவிட்டார்கள். எதிரில் அத்தை முகம் மலர்ந்து, என்ன, என்ன என்று கையை அசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். உமாராணிக்குத்தான் அதன் பொருள் தெரியும். ஆள் வந்துவிட்டான். வந்தவன் பிடிக்காமல் முதல் இரண்டு வாரத்தில் ஓடிவிடக் கூடும் என்பதால் இவளை மாசக் கடைசி வரைக்கும் அடுப்பிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒரு போன் வரலாம் என்பதை எப்படி மறந்தாள்? கணக்குப் போட்டபோது இது எங்கே போயிற்று? தெரிந்தே மறந்திருக்கிறாள். சரிம்மா, தேங்க்ஸ் என்று சொல்லி வைத்துவிடத்தான் வாயைத் திறந்தாள், வேறு ஏதோ வந்தது.

"கனிஷ்கா, அவர் வந்துட்டாரா?"

"யாரு மேடம்?"

"இன்னிக்குச் சேர வேண்டியவர்."

பின்னால் வேறு பெண்கள் வேறு போன்களில் ஹலோ சார், ஹலோ சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பது கேட்டது.

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாது மேடம்."

"சொல்ல வேணாம்மா. அவர் வராம இருந்தா இப்ப என்னை ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருப்ப. வந்துட்டார்தானே?"

"எட்டரைக்கே வந்துட்டார் மேடம்" என்றாள் கனிஷ்கா. சொல்லிவிட்ட பிறகு அவளுக்கு அடக்க முடியவில்லை போலிருக்கிறது, குரலைத் தாழ்த்திக்கொண்டு மளமளவென்று பேசினாள். "செக்யூரிட்டி உள்ள விடலையாம், வெளியில வெயில்லயே நின்னுட்டு இருந்தார். நேத்து ஞாயித்துக்கிழமையே வந்து வழி பாத்துட்டுப் போனாராம். ஒரு வருசமா வீட்லதான் இருந்தாராம் மேடம். ஐடி கார்டுக்கு போட்டோ எடுக்கறப்ப அவருக்குக் கை நடுங்குது, எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

ஒரு வருடமாகவா? உமாராணிக்கு அந்த இடத்தில் சிக்கியது. ஒரு வருடம் வீட்டிலிருந்தவனுக்கு ஏது நோட்டீஸ் காலம், ஏது மூன்று ஆஃபர். தாடி வைத்த அந்த முப்பத்தைந்து வயதுக்காரன் எங்கே போனான்?

"வீட்ல இருந்தவருக்கு எதுக்கும்மா ஏழு வாரம்?"

"இவர் அவர் இல்ல மேடம். முதல்ல செலக்ட் ஆனவர் போன புதன்கிழமையே வரலைன்னு மெயில் போட்டுட்டார். சிங்கப்பூர்ல ஏதோ கிடைச்சிருச்சாம். இவர் அதுக்கு அடுத்தவர். இவரையும் இத்தன நாளா நான்தான் மேடம் வாரா வாரம் கூப்பிட்டுப் பேசிட்டு இருந்தேன்."

"அப்ப நான்?"

"நீங்க மூணாவது மேடம்."

பதினாறு வருட அனுபவத்தில் மூன்றாவது ஆளை வைத்துக்கொள்கிற வழக்கம் அவளிடம் இருந்ததில்லை. முதல் ஆள், இரண்டாம் ஆள், அதற்கு மேல் யாரும் நினைவில்கூட இருக்க மாட்டார்கள். அதனால்தான் இரண்டாவது தான்தான் என்று இத்தனை வாரமும் கண்ணை மூடிக்கொண்டு நம்பியிருக்கிறாள். சிங்கப்பூர் போகட்டும் என்று வேண்டிக்கொண்டவன் நிஜமாகவே போய்விட்டிருக்கிறான், அவள் வேண்டுவதற்கு ஐந்து நாள் முன்பே. பலன் நேராக, எட்டரை மணிக்கு வெயிலில் நின்றவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"கனிஷ்கா, எனக்கு இல்லைன்னு சொல்லிடும்மா."

"மேடம், அப்படி க்ளோஸ் பண்ணச் சொல்லல. ஹோல்டுலதான்..."

"தெரியும். நீயா சொல்லு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

மறுபடி அந்த ஹலோ சார்கள் கேட்டன. பிறகு நாற்காலி நகரும் சத்தம், கதவு ஒன்று, வெளியே வந்துவிட்டாள் போலிருக்கிறது, காற்று இரைந்தது.

"உங்களுக்கு இல்ல மேடம்" என்றாள் கனிஷ்கா. "சாரி மேடம்."

"சரிம்மா" என்றாள் உமாராணி. கனிஷ்கா போனை வைத்துவிட்டாள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. திரை இருட்டாகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பில் எங்கேயோ எட்டு மாதமாக இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று விட்டுப்போனது. விட்டதும் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், களைப்பாகத்தான் இருந்தது, அப்படியே கீரைத் தாளின் மேல் சாய்ந்துவிடலாம் போல.

"என்னாச்சு?" என்றாள் அத்தை. அவள் முகத்தில் இன்னும் அந்த மலர்ச்சி பாதி மிச்சமிருந்தது.

"எனக்கு இல்ல அத்தை. வேற ஒருத்தர் சேந்துட்டார். ஒரு வருசமா வேலை இல்லாம இருந்தவராம்."

"ஐயோ பாவம். ஆம்பளப் பிள்ளை ஒரு வருசம் வீட்ல உக்காந்திருந்தா எப்படி இருந்திருக்கும். பொழச்சுப் போகட்டும், விடு. உனக்கு என்ன, நீ கிடைச்சா போற, இல்லாட்டி வீட்டப் பாத்துக்கப் போற."

அப்படி யார் சொன்னது? அவளேதான். கடை அண்ணாச்சியிடம், கீழ்வீட்டுக்காரியிடம், முரளிதரனிடம், நாத்தனார் போன் பண்ணினால் அவளிடம், கிடைச்சா போறேன் இல்லாட்டி என்ன, என்று கையை விரித்துக் காட்டிச் சிரித்தபடி எட்டு மாதமாகச் சொல்லிவந்திருக்கிறாள். எல்லாரும் நம்பிவிட்டார்கள். இப்போது ஆமா அத்தை, பொழச்சுப் போகட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எழுந்துபோய்ச் சோறு வடிக்க வேண்டியதுதான். சொல்ல வரவில்லை. கை நடுங்கிய அந்த மனிதரை நினைத்துப் பார்த்தாள், அவர் மேல் இரக்கம் வந்தது, இரக்கப்பட்டும் சொல்ல வரவில்லை. வாய் கோணிக்கொண்டு போனது. நாற்பத்துமூன்று வயதுப் பெண்பிள்ளை, பட்டப்பகலில், மாமியாருக்கு எதிரில், மூக்கு ஒழுக அழத் தொடங்கினாள். அத்தை பதறிப்போய்க் கீரையைத் தள்ளிவிட்டு நகர்ந்து வந்தாள்.

"ஏய் உமா, என்னம்மா இது? இந்த வேலை இல்லாட்டி என்ன?"

"எனக்கு வேணும் அத்தை" என்றாள் உமாராணி. "எனக்கு அந்த வேலை ரொம்ப வேணும்னு இருந்துச்சு."